வளைகுடாவில் முதல் கார் வாங்கிய வேலூர்ப் பிள்ளைகளுக்கு: ஏசி கம்ப்ரசர் மாற்றும் முன்

வேலூர் சத்துவாச்சாரியில் கார் ஏசி வேலை பார்க்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் ஷார்ஜாவில் இதே வேலை. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து போகிற பையன்கள் லைசென்ஸ் கிடைத்ததும் ஒரு பழைய காரை வாங்கிவிடுகிறார்கள், ஜூன் பிறந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் வரும்: "அண்ணே, ஏசில சூடா காத்து வருது, கம்ப்ரசர் போச்சுன்றாங்க, போட்டுடலாமா?" 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் அங்கே போனால் எல்லோரும் வேலூர்க்காரர்தான், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கினி நட்சத்திரத்தில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றவனுக்கு எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். இங்கே கண்ணாடியை இறக்கிவிட்டுக் காட்பாடி வரை ஓட்டிவிடலாம். அங்கே ஜூலை மதியம் 45 டிகிரியைத் தாண்டும், கடலோரத்தில் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஏசி நின்ற அன்றே கராஜில் வண்டியை விட்டு, அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறோம்.

முதலில், போனது ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர்தானா? ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கண்டன்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்க ஜல்லடை) ஃபேன் இவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். குளிர்விக்கும் கேஸ் கசிந்து குறைந்துவிட்டாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. அப்போது கசிவை அடைத்தால் போதும், நல்ல கம்ப்ரசரைக் கழற்றிப் போட வேண்டியதில்லை. ஆனால் கடகடவென்று சத்தம் வந்தாலோ, பெல்ட் ஓடும் புல்லி சிக்கிக்கொண்டாலோ வண்டியை ஓட்டாதீர்கள். நிறைய கார்களில் அந்த ஒரே பெல்ட்தான் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரையும், சிலவற்றில் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அறுந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

என் சொந்தக் கதை ஒன்று. இந்த வேலை எனக்குச் சரியாகப் பிடிபடாத முதல் வருடத்தில் வாங்கிய காருக்கு ஒரு கராஜில் கம்ப்ரசரை மட்டும் மாற்றினார்கள். ஐந்தே வாரத்தில் புதுசும் இறுகி நின்றது. திறந்து பார்த்தால் ஆயில் வெள்ளிப் பெயின்ட் மாதிரி இருக்கிறது, அத்தனையும் அலுமினியத் தூள். பழைய கம்ப்ரசர் உடைந்தபோது சிதறிய தூள் பைப்பிலும் கண்டன்சரிலும் தங்கி, சுற்றி வந்து புதுசையும் அரைத்துவிட்டது. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அதில் போனது. இன்றும் மனசு ஆறவில்லை.

ஆகவே கம்ப்ரசர் உள்ளே உடைந்து போயிருந்தால் பைப்புகளை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள், அதாவது உள்ளே கழுவச் சொல்லுங்கள். இப்போது வரும் கண்டன்சர்களின் துளைகள் மிக மெல்லியவை, உள்ளே போன தூள் கழுவினாலும் முழுக்க வராது, அதையும் மாற்றுவதுதான் நல்லது. கேஸை அளந்து உள்ளே விடும் எக்ஸ்பான்ஷன் வால்வும் அப்படியே. ஈரத்தை உறிஞ்சும் டிரையரை எப்படியும் மாற்ற வேண்டும், சில கார்களில் அது கண்டன்சரோடு சேர்ந்தே வரும். கழற்றிய இடங்களில் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அதில் கொஞ்சம் ஆயில் தடவித்தான் போட வேண்டும்.

ஆயில் விஷயத்தில் கவனமாக இருங்கள். கம்ப்ரசருக்கு ஊற்றும் பிஏஜி ஆயிலில் பிஏஜி 46, பிஏஜி 100 என்று வகைகள் உண்டு, காருக்குச் சொன்னதைத்தான் ஊற்ற வேண்டும். புது கம்ப்ரசர் சிலவற்றில் ஆயில் நிரப்பியே வரும், அது தெரியாமல் மறுபடி ஊற்றினால் குளிர்ச்சி குறையும். பிஏஜி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நாள்கணக்கில் திறந்து கிடந்த டப்பாவை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹைப்ரிட் கார் என்றால் இன்னும் கவனம்: ஆரஞ்சு நிற வயர் போகும் மின்சார கம்ப்ரசருக்கு வேறு ஆயில், பிஏஜி கலந்தால் மின்கசிவு வரும். அதை அந்தப் பயிற்சி உள்ளவர்தான் தொடலாம்.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கம்ப்ரசரின் முன்பக்கத் தட்டைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்ற வேண்டும், ஆயில் ஒரே இடத்தில் தேங்கியிருந்தால் முதல் ஓட்டத்திலேயே வால்வு உடையும். அப்புறம் பம்ப் போட்டு வாக்யூம், குறைந்தது அரை மணி நேரம். காற்றோடு ஈரத்தையும் ஆவியாக்கி வெளியே இழுப்பது அதுதான். பம்ப்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏறினால் எங்கோ கசிவு, இல்லையென்றால் உள்ளே ஈரம் மிச்சம்.

நம்ம ஊரில் பைப்பைத் தொட்டுப் பார்த்துக் கேஸ் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பானட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும், தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். பழைய கார்களில் ஆர்134ஏ, புதியவை சிலவற்றில் ஆர்1234ஒய்எஃப், ஒன்றுக்கு மற்றது ஆகாது. அந்தச் சூட்டில் கொஞ்சம் கூடினாலும் கம்ப்ரசர் அழுத்தித் தள்ளும் பக்கத்தின் பிரஷர் (ஹை சைடு) எகிறும்.

பேசுவதற்குப் பயம் வேண்டாம், கராஜ்களில் மலையாளமும் இந்தி, உருதுவும்தான் ஓடும், உருது பேசிப் பழகிய ஆம்பூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். பில்லில் கம்ப்ரசர் புதுசா, பழசா, ரிப்பேர் செய்ததா என்று எழுதி வாங்குங்கள். டிரையர், ஃப்ளஷ், ஆயில் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும், வாரண்டி கேட்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். கழற்றிய பழைய கம்ப்ரசரையும் கேட்டு வாங்கி, ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுத்தால் பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் துணியையும் பானட் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.