மகிஷாசுரனில் கொம்பை மட்டும் தேடாதீர்கள்

நம் நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தில் அருச்சுனன் கூடைபோல் விரிந்த கரப்புடுப்போடும் முடியோடும், களரி என்னும் ஆடுகளத்தைச் சுற்றி ஆடி வருவான். உண்மையான அருச்சுனன் இப்படியா உடுத்தான் என்று மட்டக்களப்பில் யாரும் கேட்பதில்லை. அது கூத்தின் முறை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே ஆட்கள் இந்திய ஓவியர் எம்.எஃப். உசைனின் மகாபாரத ஓவியம் ஒன்றைக் கண்டால், "இதில் அருச்சுனன் யார், முகம் எங்கே?" என்று தொடங்கிவிடுகிறார்கள். இக்கால இந்திய ஓவியங்களில் வரும் புராணக் குறியீடுகளைப் பார்ப்பதில் நம்மவர்கள் விடும் பிழைகளில் பாதி, களரியில் திறந்திருக்கும் கண்ணை ஓவியத்தின் முன் மூடிக்கொள்வதால் வருபவை. உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல.

முதற்பிழை, கலண்டர் படத்தை மூலமாக எடுத்துக்கொள்வது. வீணையும் மயிலுமாகச் சாமியறையில் தொங்கும் சரஸ்வதியை நாம் ஆதியிலிருந்தே இருந்த உருவம் போல நினைக்கிறோம். ரவி வர்மா (1848–1906) ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் தேவியருக்குத் தந்த முகமும் சேலைக்கட்டும், 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தின் வழியாகத்தான் வீடு வீடாகப் போயின. அவர் காலத்தில் அதுவே புதுமை. அதை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் படங்களைக் கோணல் என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்த பிழையைப் பரீட்சைத் தாள்களில் நிறையப் பார்க்கலாம். தாமரை என்றால் தூய்மை, எருமை என்றால் அறியாமை, சிவப்பு என்றால் கோபம் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து, எந்தப் படத்தைக் கண்டாலும் அதை ஒட்டிவிடுவார்கள். ஓவியர் தையப் மேத்தாவின் மகிஷாசுரன் ஓவியங்களில் இந்தப் பட்டியல் நொறுங்கிப்போகும். மாமல்லபுரத்துச் சிற்பத்தில் சிங்கத்தின் மேல் துர்க்கை ஒரு பக்கம், எருமைத் தலை அசுரன் மறுபக்கம். யார் வெல்கிறார், யார் பின்வாங்குகிறார் என்று பார்த்ததும் தெரியும். மேத்தா அந்த இடைவெளியை எடுத்துவிட்டார். தட்டையான நிறப்பரப்புகளில் தேவியின் உடலும் எருமையின் உடலும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன. எந்தக் கை யாருடையது என்று கண் தடுமாறும். சண்டையா, தழுவலா? அந்தத் தடுமாற்றம்தான் படம். அங்கே போய் 'நன்மை தீமையை வென்றது' என்று எழுதினால், படத்தைப் பார்க்காமலே எழுதியதாகத்தான் அர்த்தம்.

இதற்குப் பின்னால் ஒரு காரணமும் உண்டு. 1947 பிரிவினைக் கலவரத்தில், பம்பாயில் தன் வீட்டு யன்னலுக்குக் கீழே ஒரு மனிதனை அடித்துக் கொன்றதை மேத்தா பார்த்தவர். கட்டப்பட்ட காளை, விழும் மனிதன் என்று அவர் பல காலம் வரைந்த உருவங்கள் புராணத்தைத் தொடுவதற்கு முன்பே இருந்தவை. எருமை அவரிடம் வந்தபோது அந்த வலியையும் சேர்த்துக்கொண்டே வந்தது. அப்புறம், 2005இல் அவருடைய மகிஷாசுரன் ஒன்று பதினைந்து லட்சம் டொலருக்கும் மேல் ஏலம் போனது. பலர் அந்த விலையிலிருந்துதான் பேச்சையே தொடங்குகிறார்கள்!

ஓவியர் ரஸாவின் பிந்துவை, அதாவது நடுவில் வைக்கும் கரிய புள்ளியைக் கண்டு "வட்டம்தானே" என்று நகர்ந்துவிடுவது இன்னொன்று. எஸ்.எச். ரஸா 1950இல் பிரான்சுக்குப் போனவர். நிலக்காட்சிகளையெல்லாம் வரைந்து கடந்து, பிறகுதான் அந்தக் கரிய புள்ளியை மையமாக வைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்து ஆட்கள் இதைப் பார்த்துத் திகைக்கக் காரணமே இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் கும்பத்தின் முன் கைகூப்பி நிற்பவர், அதில் கண்ணும் மூக்கும் எங்கே என்று தேடுவதில்லையே. ஆனால் மறுபக்கமும் சறுக்கக்கூடாது: புள்ளியைக் கண்டதும் தாந்திரிகம், தியானம், பிரபஞ்சம் என்று பக்கம் பக்கமாக எழுதி, நிறங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாதவர்கள் இருக்கிறார்கள். மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஓவியரின் மதத்தைக் கேட்பதும் வேண்டாத வேலை. உசைன், மேத்தா, ரஸா மூவரும் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்தவர்கள். இந்தோரில் ராம்லீலா பார்த்து வளர்ந்த உசைனுக்கு இராமாயணம் அந்நியமான கதையல்ல. 1971இல் சாவ் பாவ்லோ கண்காட்சிக்கு அவர் கொண்டுபோனதும் மகாபாரதத் தொடரைத்தான். அவர் வரைந்த சில தேவியரைப் பற்றி வழக்குகளும் மிரட்டல்களும் வந்து, 2006இல் நாட்டை விட்டுப் போய், 2011இல் இலண்டனில் இறந்தார். அந்தப் படங்கள் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. பெயரை வைத்து முடிவுக்கு வருவது வேறு விஷயம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் கிழக்கில் இதை நான் நீட்டத் தேவையில்லை.

ஓவியர் அர்பிதா சிங் 1990இல் வரைந்த படத்தில், தேவியைப் போலப் பல கைகளோடு வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கையில் துப்பாக்கி. இதைப் பகிடி என்று சிரித்துவிட்டுப் போவார்கள், அல்லது நிந்தனை என்பார்கள். நம் கிழக்கில், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் சடங்கில் ஊர் ஆட்களே பாண்டவராகி, ஊர்த் தெருவிலேயே வனவாசம் போகிறார்கள். கதை இன்றைய தெருவுக்கு இறங்குவது நமக்குப் பழகியது. சூலம் இருந்த இடத்துக்குத் துப்பாக்கி ஏன் வந்தது, அந்தச் சேலை ஏன் வெள்ளை என்று கேட்டால் படம் பேசத் தொடங்கும்.

கதை ஒன்றென்றால் கருத்தும் ஒன்றுதான் என்று எண்ணுவது கடைசிப் பிழை. மகனின் இளமையை வாங்கிக்கொண்ட மகாபாரதத்து அரசன் யயாதியை 1980களில் இருவர் வரைந்தார்கள். ஏ. ராமச்சந்திரன் கேரளக் கோயிலின் கருவறையை நினைத்து, சுவரளவுக்கு விரித்து, வெண்கலச் சிற்பங்களும் சேர்த்து, ஒரு வாழ்க்கையின் காலை, நண்பகல், மாலையாக்கினார். பூபேன் கக்கரிடம் அதே கதை, ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான ஆசையின், முதுமையின் கதையாகிவிட்டது. இவற்றைப் பற்றி எழுதும்போது யயாதி கதையை இரண்டு பக்கம் எழுதிவிட்டு ஓவியத்துக்கு இரண்டு வரி ஒதுக்காதீர்கள். கதை இரண்டு வரி போதும்.