ப்ரைஸ்னரைக் கேட்பது எப்படி? கீபோர்டு வாசிக்கும் தம்பிமாருக்கு

மார்த்தாண்டம் பக்கம் கல்யாணம், கன்வென்ஷன் என்று கீபோர்டு வாசிக்கிற பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பாட்டில் ஒரு நொடி இடைவெளி வந்தால் போதும், விரல் சும்மா இருக்காது. ஏதாவது வாசித்து அதை அடைத்துவிடும். அவர்களிடம் நான் கேட்கச் சொல்வது போலந்து இசையமைப்பாளர் ஸ்பிக்னியெவ் ப்ரைஸ்னரை.

1955இல் பிறந்தவர். கிராக்கவ் நகரில் படித்தது வரலாறு. இசைத்தட்டுகளைக் கேட்டு, காதில் விழுந்ததைத் தாளில் எழுதியே இசை கற்றார். ஆகவே நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் இசையமைத்து, கீஸ்லோவ்ஸ்கி இயக்கிய ‘ப்ளூ’ (1993) படம். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம். ஜூன் மழை ஓட்டின்மேல் கொட்டும் நேரமும் வேண்டாம். ராத்திரி, ஹெட்ஃபோன் போட்டு. விபத்தில் கணவனையும் மகளையும் இழந்த ஜூலியிடம் ஒரு பத்திரிகையாளர் வணக்கம் சொல்வார். சட்டென்று திரை இருளும், இசை முழு பலத்தோடு அடித்து ஓயும். வெளிச்சம் வரும்போது பேச்சு விட்ட இடத்திலேயே நிற்கும். ஜூலி பதில் வணக்கம் சொல்வாள். எங்கெல்லாம் இசை வருகிறது என்பதோடு, எங்கெல்லாம் வரவில்லை என்பதையும் குறியுங்கள். இரண்டாவது பட்டியல்தான் நீளும்.

அப்புறம், இசையமைப்பாளரான கணவன் முடிக்காமல் விட்ட இசையை ஜூலியும், அவனோடு வேலை செய்த ஒலிவியேயும் உட்கார்ந்து சரிசெய்கிற காட்சி. தாள வாத்தியத்தை எடுத்துவிடலாம் என்கிறார்கள். நம் காதில் அது போய்விடுகிறது. டிரம்பெட்டும் போகிறது. பியானோ இருந்த இடத்தில் புல்லாங்குழல். படமே மங்கி, காது மட்டும் மிஞ்சுகிறது. இதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இதைவிட நல்ல வகுப்பு நம் ஊரில் கிடைக்காது.

கடைசியில் வரும் கோரஸ் கிரேக்க மொழியில் இருக்கும். பயப்பட வேண்டாம், பைபிளில் வரும் 1 கொரிந்தியர் 13தான். ‘சத்தமிடுகிற வெண்கலம்’ என்று நம் கல்யாண ஆராதனைகளில் வாசிக்கிற அதே அதிகாரம். (வாசித்து முடித்த கையோடு நாம் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டுவது வேறு கதை.)

அடுத்து ‘வெரோனிக்கின் இரட்டை வாழ்க்கை’ (1991). அதில் வான் டென் புடென்மாயர் என்ற டச்சு இசையமைப்பாளர் பெயர் அடிபடும். யூடியூபில் தேடி அலையாதீர்கள். இயக்குநரும் ப்ரைஸ்னரும் சேர்ந்து கற்பனை செய்த ஆள் அவர். அதே இயக்குநரின் ‘ஒயிட்’, ‘ரெட்’ படங்களில் வரும் டாங்கோ, பொலேரோ நடன இசையெல்லாம் பிறகு போதும்.

சரி, இனி கை வேலை. தெரிந்த கீர்த்தனை ஒன்றை எடுத்து, முதல் சரணத்தைப் புல்லாங்குழல் டோனில் மெட்டு மட்டும் வாசியுங்கள். அடி முடிகிற இடத்தில் கையைத் தூக்கிவிடுங்கள். “என்ன மக்கா, கரண்டு போச்சா?” என்று பாடகர் குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். மூன்றாம் சரணத்தில் ஸ்ட்ரிங்ஸ் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் இடது கையில் ஒற்றைச் சுரமாக.