எம்ஜிபி காருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுவது எப்படி

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபிக்கு எலெக்ட்ரிக் ஃபேன் வாங்கக் கிளம்பும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். டெம்பரேச்சர் முள் எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போதா, மோட்டார்வேயில் ஓடும்போதா?

நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்குகிறது என்றால் மேலே படியுங்கள். 60 மைல் வேகத்தில் ஓடும்போதே ஏறுகிறது என்றால் ஃபேனால் ஒன்றும் ஆகாது. 30 மைலைத் தாண்டிவிட்டால் க்ரில் வழியாகப் புகும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்போதும் சூடாகிறது என்றால் ரேடியேட்டருக்குள் துருவும் சேறும் அடைத்திருக்கலாம், இக்னிஷன் டைமிங் தள்ளியிருக்கலாம், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றைப் பார்க்காமல் ஃபேனை மாட்டினால் காசு போகும், சூடு போகாது.

என்னுடையது 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் வகை), குரோம் பம்பர் வைத்தது. லண்டனுக்குத் தெற்கே குடியிருப்பதால், கோடைகாலச் சனிக்கிழமைகளில் எம்25 சாலையில் நத்தையோடு போட்டி போட வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962-லிருந்து 1980 வரை தயாரித்த கார் இது. உள்ளே 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். நம் ஊர் அம்பாசிடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசிடர் பானெட்டுக்குள் கை விட்டவர்களுக்கு இங்கே எதுவும் அந்நியமாக இருக்காது.

அந்த இன்ஜினில் ஃபேன், வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுகிறது. அதாவது இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஃபேனும் மெதுவாகச் சுற்றும். காற்று தேவைப்படும் நேரத்தில் காற்று இல்லை. தேவைப்படாத நேரத்தில் சத்தமும் சக்தி விரயமும். ஒரிஜினல் கெட்டுவிடும் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1973-ல் வந்த எம்ஜிபி ஜிடி வி8-க்குத் தொழிற்சாலையே இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன் வைத்துத்தான் அனுப்பியது.

அடுத்து மின்சாரக் கணக்கு. ஒரு சாதாரண ஃபேன் ஓடும்போது 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதலாக. 1967-க்கு முந்தைய கார்களில் இருக்கும் லூகாஸ் கம்பெனி டைனமோவால் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) 22 ஆம்பியர்தான் தர முடியும், அதுவும் வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலில் கிடைக்காது. ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும் மழை இரவில் ஃபேனும் சேர்ந்தால் பேட்டரி கரையும். டைனமோ கார் வைத்திருப்பவர்கள் முதலில் டைனமோவின் வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிட்டு அப்புறம் ஃபேனுக்கு வாருங்கள். ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை கார் பாடியோடு சேர வேண்டும். அந்தப் பழைய கார்களோ பாசிட்டிவ் எர்த். அதனால் இரண்டு மாற்றங்களையும் ஒன்றாகச் செய்துவிடுவது நல்லது.

ஃபேனில் இரண்டு வகை. ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் நின்று காற்றை இழுப்பது ஒன்று. முன்னால் நின்று தள்ளுவது இன்னொன்று. இழுக்கும் ஃபேன்தான் திறமைசாலி. ஆனால் குரோம் பம்பர் காரில் ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்ப் மூக்குக்கும் நடுவே இடம் குறைவு. டேப்பால் அளந்து பாருங்கள். ஃபேனின் தடிமன் போக இரண்டு விரல் இடைவெளியாவது மிஞ்சவில்லை என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பெரும்பாலோர் முன்னால் மாட்டுவதற்குக் காரணம் இதுதான், நானும் அப்படித்தான். வாங்கும்போதே தள்ளும் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், சரி, ஆனால் இறக்கையின் வளைவு தப்பான பக்கம் இருக்கும், காற்று பாதிதான் வரும். இறக்கையைக் கழற்றித் திருப்பிப் போடும் வசதி உள்ள ஃபேன்களும் உண்டு.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். இந்தக் காரில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இருக்கும். அந்த மூடியைத் திறக்கும் சோம்பலில் பலரும் இதைத் தவிர்க்கிறார்கள், தவிர்க்காதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறியபின் கீழ் ஹோஸைக் கழற்றிக் கூலண்டை வாளியில் பிடியுங்கள். பூனையும் நாயும் நக்கினால் உயிருக்கே ஆபத்து, வாளியை மூடி வையுங்கள். பழைய ஃபேனைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்தான் புல்லியையும் பிடிக்கிறது. ஃபேன் போனபின் அந்த போல்ட் தேவைக்கு மேல் நீளமாக நிற்கும். அதே மரையில் நீளம் குறைந்ததைப் போடுங்கள். பெல்ட்டை மீண்டும் இறுக்கும்போது, நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும்.

ஃபேனோடு வரும் பிளாஸ்டிக் டைகளை ரேடியேட்டர் செதிள்கள் வழியாகக் குத்திக் கட்டச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். வண்டி அதிர அதிர ஃபேனின் எடை மெல்லிய குழாய்களில் உரசி ஒருநாள் ஓட்டை போடும். இரண்டு அலுமினியப் பட்டைகளை வெட்டி, ரேடியேட்டரின் இரு பக்கச் சட்டத்தில் போல்ட் செய்து, ஃபேனை அதில் தொங்கவிடுங்கள். ஹாரனிலோ க்ரில்லிலோ இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

இந்த வேலையின் உயிர்நாடி, தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானாக ஓடவும் நிற்கவும் வைக்கும் தெர்மோ ஸ்விட்ச். ரேடியேட்டர் செதிளுக்குள் நுழைக்கும் குச்சி சென்சார் வேண்டாம், அது தண்ணீரின் சூட்டைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஹோஸ் வாய்க்குள் மெல்லிய செம்புக் குழாயை நுழைக்கும் வகை அந்த இடத்திலேயே கசியும். மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு அலுமினிய இணைப்புக் குழாயைச் செருகி, அதில் ஸ்விட்சைத் திருகுவதுதான் சுத்தமான வழி. 82 டிகிரி தெர்மோஸ்டாட் வைத்திருந்தால், 92-ல் ஆன் ஆகி 87-ல் ஆஃப் ஆகும் ஸ்விட்ச் மேல் ஹோஸுக்குப் பொருந்தும். 82-லேயே ஆன் ஆகும் ஸ்விட்சைப் போட்டால் தெர்மோஸ்டாட் திறந்த நேரமெல்லாம் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: இணைப்புக் குழாயின் இரு பக்கமும் ரப்பர். பாடியோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஒற்றை முனை ஸ்விட்ச் என்றால் அந்தக் குழாயிலிருந்து தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு கொதித்தாலும் ஃபேன் அசையாது. இரண்டு முனை ஸ்விட்ச் வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

இனி ஒயரிங். ஃபேன் மின்சாரம் ஸ்விட்ச் வழியாகப் போகக் கூடாது; ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) கட்டாயம். வலது பக்க உள் விங்கில், ஃபியூஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில் அதை மாட்டுங்கள். லூகாஸ் நிறக் கணக்கு நமக்கு உதவும்: பழுப்பு எப்போதும் லைவ், பச்சை சாவி போட்டால்தான் லைவ் (ஃபியூஸ் வழியாக), கறுப்பு எர்த். ஸ்டார்ட்டர் சோலினாய்டில் (ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் ஸ்விட்ச்) பழுப்பு ஒயர் சேரும் தடித்த முனையிலிருந்து 3 சதுர மில்லிமீட்டர் ஒயர் எடுத்து, 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்குக் கொடுங்கள். ஃபியூஸ் சோலினாய்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 87-லிருந்து ஃபேனுக்கு. ஃபேனின் இன்னொரு ஒயர் பெயிண்ட் சுரண்டிய பாடிக்கு. 86-க்குப் பச்சை. 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச், அங்கிருந்து எர்த்.

பச்சைக்குப் பதில் பழுப்பைக் கொடுத்தால் வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடும், நல்லதுதானே என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. இன்ஜின் நின்றால் வாட்டர் பம்பும் நின்றுவிடும். ஃபேன் ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீரை மட்டும் ஆற்றும், இன்ஜினுக்குள் கொதிப்பது அங்கேயேதான் இருக்கும். பேட்டரி இறங்குவதுதான் மிச்சம்.

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கை ஸ்விட்ச் வையுங்கள். தெர்மோ ஸ்விட்சின் இரண்டு ஒயரிலிருந்தும் கிளை எடுத்து அதற்குக் கொடுத்தால் போதும். முன்னால் வாகன வரிசை தெரிந்ததுமே தட்டிவிடலாம், தெர்மோ ஸ்விட்ச் செத்தாலும் வீடு வந்து சேரலாம்.

கூலண்ட் ஊற்றும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். வார்ப்பிரும்பு இன்ஜின், செம்பு ரேடியேட்டர் என்பதால் பழைய நீல நிற ஆண்டிஃப்ரீஸே சரி, பாதிக்குப் பாதி தண்ணீர். பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, கை ஸ்விட்சைத் தட்டி, க்ரில் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் சரி. வெளியே தள்ளினால் ஃபேன் ஒயர்களை மாற்றுங்கள்.

பிறகு கை ஸ்விட்சை அணைத்து, வண்டியை வாசலில் ஐடிலில் விடுங்கள். முள் நார்மல் குறியைக் கொஞ்சம் தாண்டியதும் ரிலே 'டிக்' என்று அடித்து ஃபேன் கிளம்ப வேண்டும், ஐடில் ஒரு நொடி தணிந்து எழ வேண்டும். சில நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும். நிற்கவே இல்லையென்றால், ஸ்விட்சை மாற்றும் முன் ரேடியேட்டரைச் சந்தேகப்படுங்கள். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, ஆறிய இன்ஜினில் ஹோஸ் கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்கி, குறைந்த கூலண்டை ஊற்றிவிடுங்கள்.