முழு ஹாமோன் தொடை: கத்தி வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஸ்பெயினில் பல வீட்டுச் சமையலறைகளில் ஒரு முழுப் பன்றித் தொடை வந்து சேர்ந்துவிடும். ஹாமோன் என்பது அதன் பெயர். உப்பில் புதைத்து, கழுவி, மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்திய பின்னங்கால். நம்மூர் உப்புக்கண்டத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் வெயில் காட்டுவதில்லை, நிழலும் காற்றும்தான் வேலை செய்கின்றன. ஏகோர்ன் என்ற ஓக் மரக் கொட்டையைத் தின்று வளர்ந்த, இபேரிகோ என்ற ஸ்பானிய இனப் பன்றியின் தொடை மூன்று, நான்கு வருடம்கூடத் தொங்கும். அவ்வளவு பொறுமையாக ஒருவர் பக்குவப்படுத்தியதை வீட்டுக்கு வந்த சில வாரங்களில் காயவிட்டும் காறலடிக்கவிட்டும் வீணாக்குவதைப் பார்த்தால் மனசு பொறுக்காது.

முதல் தவறு, சாப்பிட ஆள் இல்லாமல் வெட்டத் தொடங்குவது. எட்டுக் கிலோ தொடையில் எலும்பும் தோலும் போக, தட்டுக்கு வருவது ஏறக்குறைய பாதிதான். அதுவே இரண்டு பேருக்கு மிக அதிகம். வெட்டாத தொடை குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் பொறுமையாகக் காத்திருக்கும். கத்தி பட்ட நாளிலிருந்து அது காயத் தொடங்குகிறது. ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டால் நல்லது. சின்னக் குடும்பம் என்றால் முன்னங்காலான பலேட்டா வாங்கலாம், நாலைந்து கிலோதான். இல்லையென்றால் கடையிலேயே எலும்பு நீக்கி, வேக்குவம் பாக்கெட்டில் போட்டுத் தரச் சொல்லலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

முழுத் தொடையை ஃபிரிட்ஜில் திணிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையோடு வந்திருந்தால் உறையைக் கழற்றிவிடுங்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தோலின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ மெல்லிய பூஞ்சை தெரிந்தால் பதற வேண்டாம். உலர்த்தும் கிடங்கிலும் அது இயல்பாக வருவதுதான். சில சொட்டு எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். இதைப் பார்த்துவிட்டு முழுத் தொடையையும் குப்பையில் போடுபவர்கள் உண்டு.

இனி, எல்லோரும் தடுமாறும் இடம்: எந்தப் பக்கத்தில் தொடங்குவது? தொடையைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு ஹாமோனேரோ என்று பெயர். குளம்பு மேல் நோக்கி இருந்தால் மாசா என்ற சதைப்பற்றுள்ள பக்கம் கத்திக்கு வரும். ஈரமும் கொழுப்பும் அதிகம். குளம்பு கீழ் நோக்கி இருந்தால் பபீயா என்ற ஒல்லியான பக்கம் வரும். விருந்தாளிகள் கூடி ஓரிரு நாளில் முடிப்பார்கள் என்றால் மாசாவில் தொடங்குங்கள். தினம் கொஞ்சம் என்று வாரக்கணக்கில் சாப்பிடப் போகிறீர்களா, பபீயாவே முதலில். அது இயல்பிலேயே காய்ந்த பக்கம். கடைசிக்கு விட்டால் பல்லுக்கு அகப்படாமல் இறுகிப்போகும். ருசியான பக்கத்தை முதலில் தின்ன ஆசைப்படுவதுதான் பாதித் தொடை வீணாவதற்குக் காரணம் என்பேன்.

தோலையும் வெளிக்கொழுப்பையும் முதல் நாளே மொத்தமாகச் சீவி எறிவது இன்னொரு பெரிய தவறு. அந்தக் கொழுப்புதான் சதைக்குப் போர்வை. அன்றைக்கு எவ்வளவு வெட்டப் போகிறீர்களோ அந்த அளவுக்கு மட்டும் உரியுங்கள். வெளியே மஞ்சளாக இருக்கும் கொழுப்பு காறலடிக்கும். அதைத் தயங்காமல் நீக்குங்கள். அதற்கடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருப்பது தின்னத் தகுந்தது. அதில் அகலமாக ஒன்றிரண்டு சீவல் எடுத்து வைத்து, வெட்டி முடித்ததும் வெட்டுமுகத்தின் மேல் போர்த்தி, பருத்தித் துணியால் மூடுங்கள்.

வெட்டும்போது நீளமான, வளையும் கத்தி வேண்டும். காய்கறிக் கத்தியால் அறுத்தால் கட்டி கட்டியாகத்தான் வரும். வெட்டுமுகம் கிண்ணம்போல் குழியாமல் சமமாக இறங்க வேண்டும். சீவல் விரல்நீளத்தில், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். மறு கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். இந்த ஒரு விதியை மறந்துதான் பலர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

சீவியதைக் குளிராகச் சாப்பிடாதீர்கள். ஏகோர்ன் தின்ற பன்றியின் கொழுப்பில் ஆலிவ் எண்ணெயில் இருக்கும் ஒலியிக் அமிலம் நிறைய உண்டு. இருபது டிகிரியைத் தாண்டினால் பளபளவென இளகி, வாசனையும் எழும்பும். சதையில் அரிசிக் குருணைபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமானது. நிதானமாகப் பக்குவப்பட்ட இறைச்சியில் பார்க்கலாம்.

வாங்கும்போது கறுப்புக் குளம்பை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். 2014 முதல் இபேரிகோ தொடைகளில் நிற முத்திரை கட்டாயம். கறுப்பு என்றால் கலப்பில்லாத இபேரிகோ, ஏகோர்ன் தின்றது. சிவப்பு, ஏகோர்ன் தின்ற கலப்பினம். பச்சை, மேய்ச்சலோடு தீவனம். வெள்ளை, கொட்டிலில் தீவனம். ‘பாட்டா நெக்ரா’ (கறுப்புக் கால்) என்று எழுதிக்கொள்ளும் உரிமை கறுப்பு முத்திரைக்கு மட்டுமே.

கடைசியில் எலும்பு. அதையும் எறியாதீர்கள். கறிக்கடையில் கொடுத்துத் துண்டாக அறுத்து வாங்கி, ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பைச் சுரண்டிவிட்டு ஃபிரீசரில் வையுங்கள். கொண்டைக்கடலை வேகும் பானையில் ஒரு துண்டு போட்டால் போதும், கொசீதோ என்ற ஸ்பானியக் கொண்டைக்கடலைக் குழம்புக்கு வேறு மணமே வரும். உப்பை மட்டும் இறக்கும்போது ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்பிலேயே நிறைய இருக்கிறது.