கணினித் தூசிக்குக் காற்றே போதும்

கணினி சூடாகி இரைச்சல் போட்டால், பெரும்பாலும் விசிறியிலும் அதன் அடியிலுள்ள உலோகத் தகடுகளிலும் அடைந்த தூசிதான் காரணம். அழுத்தக் காற்று டப்பாக்களைத் திரும்பத் திரும்ப வாங்குவானேன்? கேமரா லென்ஸுக்கான ரப்பர் ஊதியோ சைக்கிள் பம்போ லேசான தூசிக்குப் போதும்.

மின் இணைப்பைத் துண்டித்து, வெளியே கொண்டுபோய் ஊதுங்கள். விசிறியை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்வது மிக முக்கியம். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். டப்பாதான் வேண்டும் என்பவர்கள் அதை நிமிர்த்திப் பிடியுங்கள். கவிழ்த்தால் உறையவைக்கும் குளிரில் திரவம் பீச்சும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். அழுத்தம் அதிகம், காற்றோடு ஈரமும் சில சமயம் எண்ணெயும் வரும். வாயால் ஊதுவதும் கூடாது, எச்சில் தெறிக்கும்!