புதுப் பந்து எப்போது? முதலே குறித்துவிடுங்கள்

டென்னிஸ் மத்தியஸ்தர் பரீட்சைக்குப் பழகுபவர்கள், மெட்ச் தொடங்க முன்னரே ஸ்கோர் கார்ட் ஓரத்தில் 7, 16, 25, 34 என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். அத்தனை கேம் முடிந்ததும் புதுப் பந்து. வோர்ம்-அப்பை 2 கேமாகக் கணக்கிடுவதால்தான் முதல் மாற்றம் 7இல். பிறகு 9க்கு ஒன்று; இதுதான் 7/9 முறை. முதல் செட் 6-4 என்றால், 16இல் 10 போக, இரண்டாம் செட்டில் 6 கேம் கழித்து மாற்றம். கொழும்பு வெயிலில் மூன்றாம் செட்டில் மனக்கணக்குப் போடுவதை விட இது எவ்வளவோ மேல்.

பலர் தவறுவது டைபிரேக்கில், அதாவது செட் 6-6 ஆனால் அதை முடிக்க ஆடும் கேமில். அதுவும் ஒரு கேம்தான், ஆனால் அதன் தொடக்கத்தில் பந்து மாற்றக்கூடாது. அடுத்த செட்டின் இரண்டாவது கேமுக்குத் தள்ளவேண்டும்.

முதல் மாற்றம் 9இல், பிறகு 11க்கு ஒன்று என்ற 9/11 முறையென்றால் 9, 20, 31 என்று எழுதுங்கள். மூன்றாம் செட்டுக்கு மட்டும் புதுப் பந்து தரும் போட்டிகளுக்கு இந்தக் குறிப்பு எதுவும் தேவையில்லை.