டெமோ பார்த்துவிட்டு என்ன எழுதுவது? முதல்முறை விமர்சிப்பவர்களுக்கு

நண்பன் ஒருவன் இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு நிமிடம் ஓடும் நிரல் ஒன்றை எழுதினான். ஒரு சுரங்கப்பாதைக்குள் பறந்து போவது போன்ற காட்சி, கூடவே இசை. இரண்டையும் கணினியே அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டு உண்டாக்கும். இப்படிப்பட்ட நிரலுக்குத்தான் டெமோ என்று பெயர். பார்த்துவிட்டு "நல்லா இருக்கு, நடுவுல மட்டும் கொஞ்சம் போர்" என்றேன். "எந்த நொடியிலடா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

இந்தக் கலையின் உலகத்துக்கு டெமோசீன் என்று பெயர். 1980களில் கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளுக்கான விளையாட்டுகளின் பூட்டை உடைத்துப் பரப்பியவர்கள், விளையாட்டு தொடங்கும் முன் தங்கள் குழுவின் பெயர் ஓடும் சிறு அறிமுகக் காட்சியைச் சேர்ப்பார்கள். போகப் போக அந்த அறிமுகக் காட்சியே தனிக் கலையாக வளர்ந்துவிட்டது. ஃபின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் டெமோசீனைத் தங்கள் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன. ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் ஒவ்வோர் ஈஸ்டருக்கும் ரிவிஷன் என்ற கூடுகை நடக்கிறது. படைப்புகளைப் பெரிய திரையில் போடுவார்கள், பார்ப்பவர்களே ஓட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் வேலைக்கோ படிக்கவோ போய்விட்டு வந்து, மிச்ச நேரத்தில், ஆசைக்காகச் செய்பவர்களின் படைப்புகள்தான் இவை. நம் விமர்சனம் போய்ச் சேரும் இடம் இது என்பதை மறக்க வேண்டாம்.

படி 1: ஒன்றும் படிக்காமல் ஒருமுறை பாருங்கள்

எத்தனை பைட் (நிரலின் அளவு), எந்தக் கணினி, பரிசு கிடைத்ததா, எதையும் பார்க்காதீர்கள். முழுத் திரை, நல்ல ஹெட்ஃபோன், நடுவில் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் மனதில் நிற்கும் மூன்று விஷயங்களை மட்டும் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அறிவு குறுக்கே வந்துவிடும். முதல் பார்வையில் உடம்பில் ஏற்பட்ட சிலிர்ப்போ சலிப்போ மறுபடி கிடைக்காது.

படி 2: வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இப்போது விவரம் தேடலாம். 2009இல் பிரேக்பாயிண்ட் கூடுகையில் 4கே பிரிவில் (நிரல் 4096 பைட்டைத் தாண்டக் கூடாது) வென்ற 'எலிவேட்டட்' நல்ல தொடக்கம். ஆர்ஜிபிஏ, டிபிசி என்ற இரு குழுக்கள் சேர்ந்து செய்தது. பனி மூடிய மலைத்தொடர், ஏரி, மேலே மிதக்கும் கேமரா, இசை எல்லாம் 4096 பைட்டுக்குள். அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு 'க' சேமிக்க 3 பைட், 'கி' சேமிக்க 6 பைட். இந்தக் கட்டுரையின் முதல் இருநூறு சொற்களே 4096ஐத் தாண்டிவிடும்.

வரம்பு தெரிந்ததும் கேள்வியே மாறுகிறது. "வேறு இடங்களையும் காட்டியிருக்கலாமே" என்று எலிவேட்டட்டைப் பார்த்துச் சொல்வது எளிது. ஆனால் அதில் இருப்பது ஒரே நிலப்பரப்பு, அதை உண்டாக்குவது ஒரே கணிதச் சார்பு. புதிதாக ஒரு பொருளைச் சேர்க்க இடம் ஏது? அதனால் செய்தவர்கள் கேமராவையும் ஒளியையும் மாற்றியே பயணம் போன உணர்வைத் தருகிறார்கள். கேமராவின் பாதைகூடச் சில கொசைன் அலைகளின் கூட்டல்தான். அதன்மேல் லேசான நடுக்கம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த நடுக்கத்தைக் கவனியுங்கள். யாரோ ஹெலிகாப்டரில் உட்கார்ந்து கையில் கேமராவைப் பிடித்திருப்பது போலத் தோன்றுவது அதனால்தான். மிகக் குறைந்த பைட் செலவில் ஒரு மனிதனின் இருப்பே காட்சிக்குள் வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் படைப்பில் மலையைவிட இந்த நடுக்கம்தான் பெரிது.

அதற்காக வரம்பைச் சொல்லி எல்லாவற்றையும் பாராட்டிவிடவும் கூடாது. தளை தட்டாத வெண்பா எல்லாம் கவிதை ஆகிவிடுமா? 4096 பைட்டுக்குள் அடங்கியது திறமை. பார்ப்பவரைக் கடைசிவரை உட்கார வைத்ததா என்பது வேறு கேள்வி. விமர்சனத்தில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

படி 3: குறை யாருடையது?

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வீடியோப் பதிவாக இருக்கும். ஐரோப்பியக் கமடோர் 64 நொடிக்கு ஏறக்குறைய 50 முறை திரையைப் புதுப்பிக்கும். அதை 30 ஃபிரேமில் பதிவு செய்தால் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய எழுத்துகள் தத்தித் தத்தி ஓடும். மணல் போன்ற நுண்புள்ளிகள் நிறைந்த காட்சியை வீடியோச் சுருக்கம் கூழாக்கிவிடும். இதற்கெல்லாம் செய்தவரைக் குறை சொல்லாதீர்கள். 2015இல் ரிவிஷனில் வந்த '8088 எம்பிஎச்' பழைய ஐபிஎம் பிசியில் திரைக்குப் படம் அனுப்பும் சிஜிஏ அட்டையிலிருந்து 1024 நிறங்களை வரவழைத்தது. கிராஃபிக்ஸ் முறையில் ஒரே நேரத்தில் 4 நிறம் காட்டத்தான் அந்த அட்டையை வடிவமைத்தார்கள். அந்தப் படைப்பை அன்றைய எமுலேட்டர்களால் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்களால்) சரியாக ஓட்டவே முடியவில்லை. எதில் பார்த்தீர்கள் என்பதை விமர்சனத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: கண் தனி, காது தனி

ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து. பழகுவதற்கு லீனஸ் ஓகெசன் 2017இல் கமடோர் 64க்குச் செய்த 'எ மைண்ட் இஸ் பார்ன்' பொருத்தமானது. மொத்தமே 256 பைட், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். கண்ணை மூடினால் இசை அடுக்கடுக்காக ஏறுவது தெளிவாகக் கேட்கும். ஒலியை நிறுத்திப் பார்த்தால் காட்சி எளிமையானது, சீக்கிரமே பழகிவிடும். என் தீர்ப்பு இது: அந்தப் படைப்பைத் தூக்கிச் சுமப்பது காது, கண் அதற்கு ஒத்து ஊதுகிறது. நீங்கள் மாறாகச் சொல்லலாம், ஆனால் இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

படி 5: நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள்

தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் நொடி, வலப்பக்கம் நடந்தது. தாளம் மாறும்போது காட்சி மாறியதா? மாறவில்லை என்றால் அது வேண்டுமென்றே செய்ததா, கவனப் பிசகா? ஒரே எஃபெக்ட் எத்தனை நொடி நிற்கிறது? உங்கள் கண் திரையைவிட்டு எப்போது நகர்ந்தது? கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள், செய்தவருக்கு மிகவும் உதவுவது அதுதான்.

படி 6: எழுதுங்கள்

நண்பனின் சுரங்கப்பாதைக்கு நான் பிறகு எழுதிக் கொடுத்தது இது:

"லேப்டாப்பில், ஹெட்ஃபோனோடு பார்த்தேன். முதல் 15 நொடியில் சுவரின் ஈரப் பளபளப்பு அருமை, தொட்டால் கை நனையும் போல இருந்தது. 22ஆவது நொடியில் டிரம் நுழைகிறது, காட்சி அப்படியே இருக்கிறது. ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்து ஏமாந்தேன். 22இலிருந்து 38 வரை வேகமும் நிறமும் மாறவில்லை, என் கண் அங்கேதான் விலகியது. டிரம் விழும்போது வெளிச்சம் மட்டும் ஒரு துடிப்பு துடித்தால்கூடப் போதும் என்று நினைக்கிறேன். 51இல் பாதை திடீரென்று வானத்தில் திறக்கிறதே, அதற்காகவே மூன்று முறை பார்த்தேன்."

கவனித்தீர்களா, முதலில் எங்கே பார்த்தேன் என்பது, பிறகு பிடித்தது, பிறகு குறை. குறையோடு அதன் நொடியும், எனக்கு என்ன ஆனது என்பதும் இருக்கின்றன. திருத்தம் சொன்னாலும் "நினைக்கிறேன்" என்று நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அது அவன் படைப்பு. "இதெல்லாம் பழைய எஃபெக்ட்" என்ற வாக்கியத்தை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். சுரங்கப்பாதை 1990களிலேயே வந்துவிட்டது, அது அவனுக்கும் தெரியும்.

எழுதியதை அனுப்பும் முன் ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் நொடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை அடித்துவிடுங்கள், அல்லது மறுபடி ஓடவிட்டு அந்த நொடியைக் கண்டுபிடியுங்கள். நண்பன் என் குறிப்பைப் படித்துவிட்டு அன்றிரவே 22ஆவது நொடியைத் திறந்து உட்கார்ந்தான்.